விண்ணப்பம் போடாதவர்கள்

ஆளெடுப்பதுதான் என் தொழில். ஒரு நிறுவனத்தின் ஹெச்.ஆர். பிரிவில் உட்கார்ந்து, யாரைச் சேர்ப்பது, யாருக்கு "பிறகு தகவல் சொல்கிறோம்" என்று மெயில் அனுப்புவது என்று பார்த்தே பாதி ஆயுள் ஓடிவிட்டது. அதனால் தேர்தல் சமயத்தில் மற்றவர்கள் யார் ஜெயிப்பார் என்று கணக்குப் போடும்போது, என் கண் வேட்பாளர் பட்டியலிலேயே நின்றுவிடும். அதிலும் அதில் இல்லாத பெயர்களில்.

"நல்லவங்க யார் மேடம் அரசியலுக்கு வர்றாங்க?" என்று யாராவது சலித்துக்கொள்ளாத மதிய இடைவேளை எங்கள் அலுவலகத்தில் கிடையாது. கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் கை கழுவப் போய்விடுவார்கள். எனக்கு இந்தச் சலிப்பின்மேல் மரியாதை இல்லை. எங்கள் தொழிலில் சேர்ந்த புதிதிலேயே ஒன்றைச் சொல்லித் தருவார்கள்: உனக்கு வேண்டிய ஆள் அநேகமாக வேறெங்கோ ஏற்கெனவே நன்றாக வேலை பார்த்துக்கொண்டிருப்பார், அவர் விளம்பரம் பார்ப்பதில்லை, நீதான் போன் செய்ய வேண்டும். வந்து குவிகிற விண்ணப்பங்களில் நல்லவர்கள் இருக்க மாட்டார்கள் என்று இதற்கு அர்த்தமில்லை. வந்த விண்ணப்பங்கள்தான் ஊரிலுள்ள மொத்தத் திறமையும் என்று எண்ணிவிடக் கூடாது, அவ்வளவுதான். தேர்தலிலோ அறிவிப்பு வெளியிட்டுவிட்டு, வந்தவர்களில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கிறோம். பிறகு நல்லவர் வரவில்லையே என்று அங்கலாய்க்கிறோம். போன் செய்தது யார்?

இதற்கு நேர் எதிரான ஒரு கட்சியும் உண்டு. "பதவியை விரும்பாதவனே பதவிக்குத் தகுதியானவன்" என்று சொல்லும் கட்சி. இதற்கு மூத்த வழக்கறிஞர் கிரேக்கத் தத்துவ ஞானி பிளேட்டோ. நல்லவர்கள் பணத்துக்காகவோ புகழுக்காகவோ ஆள வரமாட்டார்கள். தங்களைவிட மோசமானவனுக்குக் கீழே வாழ நேருமே என்ற பயம் ஒன்றுதான் அவர்களை இழுத்துவரும் என்றார் அவர். 2,300 ஆண்டுகளுக்கு மேலாகியும் இந்த வாதத்தின் கவர்ச்சி குறையவில்லை. துறவிபோல ஒருவர் வேண்டாம் வேண்டாம் என்று மறுக்க, மக்கள் கெஞ்சிக் கூட்டிவர வேண்டும். கேட்க நன்றாக இருக்கிறது.

ஆனால் வேண்டாவெறுப்பாக வேலைக்கு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். மாமனார் சொன்னார் என்று வந்தவர், "உங்களுக்காகத்தான் ஒத்துக்கிட்டேன்" என்று முதல் நாளே சொன்னவர். மூன்றாவது மாதம் ஏதாவது ஒரு தடங்கல் வந்ததும் இவர்கள் செய்யும் முதல் காரியம், தாங்கள் கேட்டு வரவில்லை என்பதை எல்லோருக்கும் நினைவூட்டுவது. விருப்பமில்லாமை ஒரு நற்குணம் அல்ல. அது வெறும் விருப்பமில்லாமை. வேண்டாம் என்பவரிடம் ஏன் வேண்டாம் என்று கேட்டால்தான் விஷயம் விளங்கும்.

1952 நவம்பரில் இஸ்ரேலின் முதல் குடியரசுத் தலைவர் கைம் வைஸ்மன் இறந்தபோது, அந்தப் பதவிக்கு வருகிறீர்களா என்று ஐன்ஸ்டைனிடம் கேட்டார்கள். மனிதர்களோடு பழகிக் காரியம் நடத்தும் இயல்பும் அனுபவமும் தனக்கில்லை என்று அவர் மறுத்துவிட்டார். எனக்குத் தெரிந்து இதைவிட ஒழுங்கான மறுப்புக் கடிதம் இல்லை. அவர் தியாகியாக நடிக்கவில்லை. வேலை என்ன கேட்கிறது என்று பார்த்தார், தன்னிடம் அது இல்லை என்றார். உலகிலேயே சிறந்த மூளை என்பதும் அந்த நாற்காலிக்குச் சிறந்தவர் என்பதும் வேறு வேறு என்று அவருக்குத் தெரிந்திருந்தது. இது தெரியாமல் "நல்ல டாக்டர், நல்ல விஞ்ஞானி, இவரை மந்திரியாக்கினால் என்ன" என்று கேட்பவர்கள்தான் அதிகம்.

என் பெரியம்மா ஒரு தனியார் பள்ளியில் தலைமையாசிரியை. அவர் கையெழுத்து வாங்கப் போனாலே நாம் செய்யாத தப்பும் நினைவுக்கு வரும். அப்படி ஒரு நேர்மை. ஒருமுறை உள்ளாட்சித் தேர்தலில் நிற்கச் சொல்லி ஒரு கூட்டமே வீட்டுக்கு வந்தது. எல்லோருமே பழைய மாணவர்கள், அவர்களின் பெற்றோர். பெரியம்மா எல்லோருக்கும் காபி கொடுத்து, எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "ஜெயிச்சாப் பரவால்ல. தோத்தா மறுநாள் எந்த முகத்தோட பிரேயர்ல போய் நிப்பேன்?" அத்தோடு முடிந்தது.

நின்று ஜெயித்தவர் யார் தெரியுமா? அரசு அலுவலக வாசலில் உட்கார்ந்து மற்றவர்களுக்கு மனு எழுதிக் கொடுத்துக் காசு வாங்குகிற ஒருவர். எங்கள் வீட்டில் அன்று நடந்த ஒப்பாரி கொஞ்சநஞ்சமல்ல. "படிச்ச பொம்பளையை விட்டுட்டு ஒரு புரோக்கரைப் போய்..." என்று சித்தப்பா இரண்டு நாள் புலம்பினார். அந்தப் புரோக்கர் மோசமாக இல்லை. எந்தக் கோப்பு எந்த மேசையில் தூங்குகிறது, யாரை எத்தனை மணிக்குப் பார்த்தால் கையெழுத்து விழும் என்பது அவருக்கு மனப்பாடம். விதவைப் பென்ஷன் நின்றுபோன கிழவிகளுக்கு அது திரும்ப வந்தது. கமிஷன் எடுத்தாரா? எடுத்திருப்பார், நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் அவருக்கு அந்த வேலை பிடித்திருந்தது. நாள் முழுக்க ஜனங்கள் வந்து நச்சரிப்பது அவருக்குத் தொந்தரவாகவே படவில்லை. பெரியம்மா அந்த இடத்தில் இருந்திருந்தால் நான்காவது மாதம் அழகான கையெழுத்தில் ராஜினாமா எழுதிக் கொடுத்திருப்பார். அதை இன்றுவரை வீட்டில் நான் சொன்னதில்லை.

பெரிய அளவில் இதே கதை பார்க்க வேண்டுமென்றால் ஹெர்பர்ட் ஹூவர். எனக்கு அவருடைய ரெஸ்யூமைப் பார்த்தால் இப்போதும் கை பரபரக்கும். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் முதல் தொகுப்பு மாணவர். ஆஸ்திரேலியாவிலும் சீனாவிலும் சுரங்கப் பொறியாளர். சொந்த உழைப்பில் கோடீஸ்வரர். முதல் உலகப் போரில் ஜெர்மனி பிடித்துவைத்திருந்த பெல்ஜியத்தில் பட்டினி தலையெடுத்தபோது, இரு தரப்புப் படைகளிடமும் பேசி, கப்பல் கப்பலாக உணவு அனுப்பும் அமைப்பை நடத்தியவர். அதன்பின் வர்த்தக அமைச்சர். 1928இல் அமெரிக்காவின் அன்றைய 48 மாநிலங்களில் 40ஐ வென்று அதிபரானார். அதுவரை அவர் எந்தப் பதவிக்கும் தேர்தலில் வென்று வந்ததில்லை. "நல்லவர், படித்தவர், திறமைசாலி, அரசியல்வாதி அல்ல" என்று மதிய இடைவேளையில் நாம் கேட்கிற அத்தனையும் ஒரே ஆளிடம்.

1929 மார்ச்சில் பதவியேற்றார், அக்டோபரில் பங்குச் சந்தை சரிந்தது. அதற்கு அவரைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் 1930இல், ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொருளாதார வல்லுநர்கள் வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டுக் கேட்டும், இறக்குமதி வரியை ஏற்றும் சட்டத்தில் கையொப்பமிட்டார். அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸோடு பேரம் பேசவோ, பயந்துபோன ஜனங்களிடம் பேசவோ அவருக்கு வரவில்லை. பசித்த பெல்ஜியத்துக்குச் சோறு போட்டவரைச் சொந்த நாட்டில் கல்நெஞ்சக்காரர் என்றார்கள். 1932இல் அவருக்குக் கிடைத்தவை 6 மாநிலங்கள்.

அதே நாட்டில் ஹாரி ட்ரூமன். பட்டம் கிடையாது. ஆண்கள் துணிக்கடை வைத்து 1922இல் திவாலாகாத குறையாக மூடினார். கான்ஸஸ் சிட்டியில் பெண்டர்காஸ்ட் என்ற ஊழல் கட்சித் தலைவரின் ஆதரவில்தான் அரசியலுக்குள்ளேயே வந்தார். என் மேசைக்கு இந்த விண்ணப்பம் வந்திருந்தால் இரண்டாவது நிமிடம் ஒதுக்கியிருப்பேன். 1945 ஏப்ரலில் அதிபர் ரூஸ்வெல்ட் இறந்து, துணை அதிபராக இருந்த இவர் அதிபரானார். அணுகுண்டு முடிவை நான் மன்னிக்கவில்லை, அது தனி. ஆனால் போரில் நொறுங்கிய ஐரோப்பாவை எழுப்பிய மார்ஷல் திட்டமும், அமெரிக்கப் படைகளில் நிறப் பிரிவினையை ஒழிக்கும் 1948 ஆணையும் இவர் காலத்தவை. உட்கார்ந்து சலிக்காமல் பேரம் பேசுவது, தன்னைவிடத் திறமைசாலிகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பயப்படாமல் இருப்பது, திட்டு வாங்கியபின்னும் தூங்குவது. இவை எந்த ரெஸ்யூமிலும் இல்லாத தகுதிகள்.

ஆக, அரசியல் குப்பை, அதில் குப்பைதான் சேரும் என்பது எல்லா இடத்துக்கும் பொருந்துகிற உண்மையா? இதைச் சோதித்துப் பார்க்க ஸ்வீடனில் ஒரு அருமையான வாய்ப்பு கிடைத்தது. அங்கே பல பத்தாண்டுகளாக ஆண்கள் எல்லோருக்கும் ராணுவச் சேர்க்கையில் அறிவுத்திறன், தலைமைப் பண்பு இரண்டுக்கும் தேர்வு வைத்தார்கள். பின்னாளில் அரசியலுக்கு வந்தவர்களின் அந்த மதிப்பெண்களை எடுத்துப் பொருளியலாளர்கள் ஐவர் 2017இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். தாங்கள் யாரைப் பிரதிநிதிப்படுத்துகிறார்களோ அந்த மக்களைவிட, தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் சராசரியாக அதிகத் திறமை உள்ளவர்கள். அதோடு, பணக்கார வீட்டுப் பிள்ளைகளாக மட்டும் இல்லை. தொழிலாளி வீட்டிலிருந்தும் விகிதாசாரமாக வந்திருந்தார்கள். திறமையும் பரவலும் ஒன்றையொன்று தின்றுவிடும் என்று நாம் நினைப்பது அங்கே நடக்கவில்லை. அங்கே கட்சிகள் உள்ளூரிலேயே ஆள் தேடிப் பட்டியல் போடுகின்றன. எங்கள் மொழியில் சொன்னால், போன் செய்கிறார்கள்.

இந்தியாவில் எதிர்ப்பக்கப் பாடம். உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளுக்குப் பிறகு 2003 முதல், வேட்பாளர்கள் தங்கள் மேலுள்ள குற்ற வழக்குகளையும் சொத்தையும் பிரமாணப் பத்திரத்தில் சொல்லியாக வேண்டும். என்னைப் போன்றவர்களுக்கு இது கனவு: விண்ணப்பதாரரே பின்னணிச் சரிபார்ப்பைக் கையில் எழுதிக் கொடுத்துவிடுகிறார்! 2024 மக்களவைக்கு வென்ற 543 பேரில் 251 பேர் தங்கள்மேல் வழக்கு இருப்பதாக எழுதியிருந்தார்கள். வழக்குதான், தண்டனை அல்ல. அரசியல் போராட்ட வழக்குகளும் இதில் சேரும். இருந்தாலும் இத்தனை பேர். ஜனங்கள் தெரியாமலா இவர்களுக்கு ஓட்டுப் போடுகிறார்கள்? என் அனுமானம், அவர்கள் கையிலுள்ள வேலை விவரம் வேறு. போலீஸ் நிலையத்துக்குத் தனியாகப் போகப் பயப்படுகிறவனுக்கு, நேர்மையான பிரதிநிதியைவிடக் கூட வந்து மேசையைத் தட்டுகிற பிரதிநிதி தேவைப்படுகிறார். நிலையம் ஒழுங்காக இருந்தால் இந்தத் தகுதிக்கு மதிப்பே இருக்காது.

முகத்தைப் பற்றி ஒரு வரி. பிரான்ஸ் நாடாளுமன்றத் தேர்தலில் மோதிய வேட்பாளர்களின் படங்களை, ஸ்விட்சர்லாந்தில் 5 முதல் 13 வயதுப் பிள்ளைகளிடம் இரண்டிரண்டாகக் காட்டி, கப்பல் பயணம் போனால் யாரைக் கேப்டனாக்குவாய் என்று கேட்டார்கள். 2009இல் வெளிவந்தது அந்த ஆய்வு. ஏறத்தாழ 70 சதவீதம் பிள்ளைகள் நிஜத்தில் வென்றவரையே சுட்டினார்கள். நேர்காணல் அறைக்குள் நுழைந்த முதல் நிமிடத்தில் முடிவெடுத்துவிட்டு, மீதி நேரம் அதற்குக் காரணம் தேடுகிற மேலாளர்களை நான் நிறையப் பார்த்திருப்பதால் எனக்கு ஆச்சரியம் வரவில்லை.

எனக்கு முகத்தைவிடப் பட்டியல்தான் உறுத்தல். இறுதிச் சுற்றுக்கு மூன்று பேரை அனுப்புகிறேன் என்றால், முடிவின் பெரும்பகுதியை நான் எடுத்துவிட்டேன். மேலாளர் மிச்சத்தை எடுத்துவிட்டுத் தான்தான் தேர்ந்தெடுத்ததாகச் சந்தோஷப்படுவார். வாக்காளர் அந்த மேலாளர். யாருக்கு சீட் என்பது ஒரு மூடிய அறையில், சில சமயம் ஒரே ஒருவரால், முந்தின நாள் ராத்திரி முடிவாகிறது. அந்த அறையைப் பற்றிக் கேட்காமல் "மக்கள் சரியில்லை" என்பது எனக்கு ஒப்பவில்லை.

உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பெருமையாகச் சொல்கிறவர்கள் அதை முழுதாகப் படித்திருக்கிறார்களா என்று எனக்குச் சந்தேகம். முதலாம் பராந்தகன் காலம், கி.பி. 919, 921. ஊர்ச் சபையின் வாரியங்களுக்கு, அதாவது குழுக்களுக்கு, வரத் தகுதி: சொந்த நிலம், சொந்த மனையில் வீடு, 35 முதல் 70 வயது, கல்வி. முந்தின மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் இருந்தவர் திரும்ப வரக் கூடாது. பதவியில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் வரக் கூடாது, அவருடைய உறவினர்களும் வரக் கூடாது! இந்த ஒரு விதிக்காகவே அந்தக் கல்லைத் தொட்டுக் கும்பிடலாம். தேறிய பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனைவிட்டு எடுக்கச் சொன்னார்கள். முகவெட்டுக்கும் பேச்சுக்கும் அங்கே வேலையில்லை. ஆனால் அந்தக் கல்வி என்பது வேதக் கல்வி. அது பிராமணர் சபை. நிலமில்லாதவரும் பெண்களும் உழுதவர்களும் குடத்துக்குள் போகவே இல்லை. சிறந்தவர் யார் என்பதை எழுதிவைத்தவர்கள், தங்களைப் பார்த்தே எழுதினார்கள். நாங்கள் இன்று "முன்னணிக் கல்லூரியில் படித்தவர்கள் மட்டும்" என்று போடுகிற வரியும் அதே சாதிதான்.

ஏதென்ஸ்காரர்கள் இதில் கொஞ்சம் கெட்டிக்காரர்கள். 500 பேர் அவையைக் குலுக்கலில் எடுத்தார்கள், படைத்தலைவர்கள் 10 பேரை மட்டும் வாக்களித்து எடுத்தார்கள். எந்த வேலைக்குத் தனித் திறமை வேண்டும், எதற்குச் சராசரி மனிதனின் புத்தி போதும் என்று பிரித்தார்கள். அவர்கள் குடத்துக்குள்ளும் பெண்களும் அடிமைகளும் இல்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

சம்பளத்தைக் கூட்டினால் நல்லவர் வருவார் என்பது என் துறையின் முதல் வைத்தியம். இத்தாலியில் 5,000 பேருக்கு மேல் உள்ள ஊர்களின் மேயர்களுக்குச் சம்பளம் கூடுதல். அங்கே படித்தவர்கள் அதிகம் போட்டியிட்டார்கள் என்று ஓர் ஆய்வு. 2009இல் ஐரோப்பிய நாடாளுமன்றம் எல்லா நாட்டு உறுப்பினருக்கும் ஒரே சம்பளம் என்று ஆக்கியபோது, சம்பளம் ஏறிய நாடுகளிலிருந்து அவ்வளவு பெயர்பெறாத கல்லூரிகளில் படித்தவர்கள்தான் கூடினார்கள் என்று இன்னொன்று. கல்லூரிப் பெயரை வைத்து ஆளை அளப்பதில் எனக்கு நம்பிக்கையில்லை, அதனால் இரண்டையும் பாதிதான் நம்புகிறேன். ஒன்று மட்டும் நிச்சயம்: சம்பளமே இல்லையென்றால் பணக்காரர் மட்டும்தான் வருவார். பிரிட்டனில் தொழிலாளர்களுக்கு வாக்குரிமை கேட்ட சாசன இயக்கத்தார் 1838இல் வைத்த ஆறு கோரிக்கைகளில் நாடாளுமன்ற உறுப்பினருக்குச் சம்பளமும் ஒன்று. அது கிடைத்தது 1911இல், ஆண்டுக்கு 400 பவுண்டு. அதுவரை தொழிலாளி ஜெயித்தால் சங்கம் சோறு போட வேண்டும்.

பெரியம்மாவுக்குச் சம்பளம் பிரச்சினையே இல்லை. அவர் பயந்தது தோல்விக்கு. அமெரிக்காவில் ஜெனிஃபர் லாலெஸ், ரிச்சர்ட் ஃபாக்ஸ் இருவரும் 2001இல் தொடங்கிச் செய்த ஆய்வுகளில், ஒரே மாதிரித் தகுதியுள்ள வக்கீல்கள், ஆசிரியர்கள், தொழில்முனைவோரை எடுத்துப் பார்த்தார்கள். "எனக்கு அந்தத் தகுதி இல்லை" என்று சொன்னவர்களில் பெண்களே அதிகம். அவர்களை நில்லுங்கள் என்று யாரும் கேட்காததும் அதிகம். மேற்கு வங்கத்தில், பெண்களுக்குத் தலைவர் பதவி அடுத்தடுத்து இரண்டு தேர்தல்களில் ஒதுக்கப்பட்ட பஞ்சாயத்துகளில், அதன்பின் போட்டியிடும் பெண்களும் ஜெயிக்கும் பெண்களும் கூடினார்கள். பெண்கள் திடீரென்று திறமைசாலிகள் ஆகிவிடவில்லை. குடத்தின் வாய் கொஞ்சம் அகலமானது.

தோற்றால் என்ன ஆகும் என்பதற்கு ஜெர்மானியர்கள் அரசியல் சட்டத்திலேயே இடம் கொடுத்திருக்கிறார்கள். அடிப்படைச் சட்டத்தின் 48ஆவது பிரிவு: நாடாளுமன்றத்துக்குப் போட்டியிடுபவருக்குப் பிரச்சாரத்துக்குத் தேவையான விடுப்பு எடுக்க உரிமை உண்டு, உறுப்பினரானார் என்பதற்காக யாரையும் வேலைநீக்கம் செய்யக் கூடாது. தோற்றவன் மறுநாள் வேலைக்குப் போகலாம். குடும்பச் சொத்தோ கட்சிக்காரர் தயவோ இல்லாதவனும் ஒருமுறை முயன்று பார்க்கலாம்.

இதைப் படித்தபின் எங்கள் நிறுவனத்தின் விடுப்பு விதிகளைத் திறந்தேன். மகப்பேறு, மேற்படிப்பு, இரங்கல், விளையாட்டுப் போட்டி, மலையேற்றத்துக்குக்கூட ஒரு பத்தி. தேர்தலில் நிற்பதற்கு எதுவும் இல்லை. கட்சி பார்க்காமல் எல்லோருக்கும் சம்பளமில்லா விடுப்பு, தோற்றால் அதே பொறுப்புக்குத் திரும்பி வரலாம் என்று ஒரு வரைவு எழுதி மேலே அனுப்பியிருக்கிறேன். சட்டப் பிரிவிலிருந்து முதல் கேள்வி வந்துவிட்டது: "ஒருவேளை ஜெயித்துவிட்டால்?" மூன்றாம் பக்கம் பார்க்கச் சொல்லிப் பதில் போட்டிருக்கிறேன்.